கீழ்வீட்டுக் குழாய்

'வாடகை சைக்கிள்' கலைந்து ஆறு வருஷம்.
பாடினவன் மஸ்கட்டில் ஏசி மாட்டுகிறானாம்.
டிரம்ஸ் அடித்தவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
அவர்களுடைய பதினான்கு பாட்டையும்
பதினான்கு ஊர் பாடி, ஒரே தொகுப்பாக்கி
அவர்களுக்கே அனுப்புவதென்று
சென்னையில் ஒருவர் சீட்டுக் குலுக்கினார்.
எல்லோரும் சண்டை போட்ட 'மொட்டை வெயில்'
ஈப்போவுக்குப் போனது.
நகரிக்கு விழுந்தது
யாரும் கேட்காத ஒன்பதாவது.

நாங்கள் மூன்று பேர்.
பேட்டரிக் கடை யுகந்தர், பெயிண்ட் டப்பாவோடு.
நூல் கணக்கு எழுதும் நான், நாலே கார்டு தெரிந்த கிட்டாரோடு.
பாவு ஓட்டும் கஜலட்சுமி.
அவளுக்குத்தான் குரல்.

தெலுங்கில் பத்தாவது வரை படித்தவள்.
தமிழில் பேசுவாள், திட்டுவாள், கூலிக்குச் சண்டை பிடிப்பாள்.
எழுத்தாகப் பார்த்தால் மட்டும்
போகிற ஊர் தெரியாத பஸ் போர்டு.

அதனால் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதினேன்.
தமிழில் ஒரு க போட்டுவிட்டுப் போகலாம்,
மீதியை வாய் பார்த்துக்கொள்ளும்.
தெலுங்கு ஒவ்வொரு தரமும் கையைப் பிடிக்கிறது:
எந்தக் க? நாலு வைத்திருக்கிறேன், சொல்.
ழ-வுக்கோ இடமே இல்லை.
ள போட்டு அடியில் புள்ளி வைத்தேன்.
மொத்தம் பதினேழு புள்ளி.
(பதினேழிலும் ஒன்று.)
"இன்னாது, எறும்பு ஊர்ற மாதிரி?" என்றாள்.
எறும்பு வர்ற எடத்துல நாக்க மடி என்றேன்.

இன்னொரு சிக்கல், இருமல்.
கடைசிச் சரணத்துக்கு முன்னால்
அசலில் அவன் ஒருமுறை இருமுவான்.
வெட்டக் காசில்லையோ, மறந்தார்களோ.
கேட்டுக் கேட்டு எங்களுக்கு அதுவும் ராகம்.
இருமல் இல்லாட்டி அது வேற பாட்டு என்றான் யுகந்தர்.
மூன்று வாரம் இருமப் பழகினாள் கஜலட்சுமி,
பாவு ஓட்டும்போதும், தண்ணி பிடிக்கும்போதும்.
அவள் அம்மா மருந்து வாங்கி வந்துவிட்டாள்.

தறி ஓடும் ஊரில் பாட்டுப் பதிய
கரண்ட் போக வேண்டும்.
செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்குப் போனது.
தெருவே காது அடைத்த மாதிரி ஆனது.
ஓடினோம்.
துண்டு பேல் அடுக்கிய குடோன்,
நாலு பக்கமும் பஞ்சுச் சுவர்,
யுகந்தர் கடையின் கார் பேட்டரி, ஒரு மைக்.

எறும்பு எறும்பாக மடித்துக்கொண்டு போனாள்.
*கீழ்வீட்டுக் குழாய் ஒழுகுது,
யாரும் எழும்பல*
ஒன்றுகூடத் தவறவில்லை.
இரண்டாம் சரணத்தின் நடுவில்
பஞ்சுத் தூசி தொண்டையில் ஏறி
நிஜமாகவே இருமினாள்.

தப்பான இடம்.
யுகந்தர் என்னைப் பார்த்தான்.
நான் கார்டை விடவில்லை.
மூன்று வாரம் பழகின இடம் வந்தபோது
அவள் இருமவில்லை. வாயைத் திறந்து
சும்மா நின்றாள்.
அந்தச் சும்மாவில் கரண்ட் வந்தது.

முதலில் முருகேச முதலியார் தறி,
அப்புறம் எதிர்வரிசை, அப்புறம் தெரு முழுக்க.
அவள் கண்ணை மூடிக்கொண்டு
கடைசிச் சரணத்தை அதன்மேல் ஏற்றினாள்.
யுகந்தர் டப்பாவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

சென்னையிலிருந்து பதில் வந்தது.
இருமல் முன்னாலேயே வந்துவிட்டது,
கடைசியில் ஏதோ மிஷின் சத்தம்,
எடுக்க முடியுமா?
'முடியாது' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு
'முடியாதுங்க' என்று அனுப்பினேன்.

அட்டையில் போட எல்லார் பேரும் கேட்டிருந்தார்கள்,
தமிழில்.
எழுதிக் காட்டினேன்.
அவள் பேரை அவளே கொஞ்ச நேரம்
தலைகீழாகவும் பார்த்தாள்.
"இதுல எறும்பு இல்லியா?"
ஒம் பேருல ழ இல்ல.
"பரவால்ல," என்றாள்,
"ஒண்ணு வெச்சி அனுப்பு."